இருபத்து மூன்று நாள்: உயில் இல்லாமல் போன ஒருவரின் தோப்பு பங்கான விதம்

கேரளத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய சித்தூர் தாலுகாவில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஆதாரம் எழுதுவது என் தொழில். எல்லைக்கு அந்தப் பக்கம் பத்திரம் என்பார்கள், இங்கே ஆதாரம். இந்த நிகழ்வில் நான் ஒரு தவறு செய்தேன். பதிவாகும் முன்பே அது பிடிபட்டதால் பெரிய சேதம் இல்லை. குடும்பத்தின் ஒப்புதலோடு எழுதுகிறேன். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை விட்டிருக்கிறேன்.

பின்னணி

இறந்தவருக்கு 58 வயது, திருமணம் ஆகாதவர். சொந்த உழைப்பில் இரண்டு தவணையாக வாங்கிய 3 ஏக்கர் 20 சென்ட் தென்னந்தோப்பு அவர் பெயரில் இருந்தது. பாதி மரத்தில் தேங்காய். மீதியில் கொஞ்சத்தைக் கள் இறக்க மரக்கணக்கில் வாடகைக்கு விட்டிருந்தார். பொள்ளாச்சியில் ஒரு வங்கியில் 8 லட்சம் வைப்புத்தொகை. பயிர்க்கடன் 1,40,000 பாக்கி. உயில் கிடையாது. பேச்சு வந்தபோதெல்லாம் "எனக்கென்ன அவசரம்" என்று தள்ளிப்போட்டதாக அவர் அக்கா சொன்னார்.

தோப்பை ஒட்டி 48 சென்ட்டில் பழைய ஓட்டு வீடு. அது அவர்களுடைய அப்பா வாங்கியது. அப்பா 1994-இல் இறந்தார். அதன் பிறகும் போக்குவரவு, அதாவது வருவாய்க் கணக்கில் பெயர் மாற்றம், செய்யவில்லை. கரம் (நிலவரி) ரசீது அதுவரை அப்பா பெயரில்தான் வந்துகொண்டிருந்தது. வீட்டில் இவரும் வயதான அம்மாவும் மட்டும்.

உடன்பிறந்தவர்கள் இவரையும் சேர்த்து ஐந்து பேர். மூத்த அண்ணன் ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பே தவறிவிட்டார். அவருக்கு மனைவி, ஒரு மகன், ஒரு மகள். அடுத்து பொள்ளாச்சியில் வாழ்க்கைப்பட்ட அக்கா. மூன்றாவதாகப் பிறந்தவர் இவர். பிறகு பக்கத்துத் தோட்டத்தில் விவசாயம் பார்க்கும் தம்பி, உடுமலையில் இருக்கும் தங்கை.

நெஞ்சுவலி வந்து கோவையில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தார்கள், ஆறாம் நாள் இறந்தார். இரண்டு மாதம் கழித்து தம்பியும் அக்காவும் என் கடைக்கு வந்தார்கள்.

முதல் பேச்சு

வரும்போதே கணக்கோடு வந்தார்கள். தோப்பு மூன்று பங்கு: அக்கா, தம்பி, தங்கை. தங்கை தன் பங்கை ஒழிமுறி (விடுதலைப் பத்திரம்) எழுதித் தம்பிக்கே விட்டுவிடுவார், அதற்கு ஈடாகப் பணம். அண்ணன் குடும்பத்துக்கு "ஏதாவது பார்த்துச் செய்யலாம்."

பெண்டாட்டி பிள்ளை இல்லை, அம்மா அப்பா இல்லை என்றார்கள். இந்து வாரிசுரிமைச் சட்டம், 1956-இன்படி முதல் வகுப்பு வாரிசுகள் யாரும் இல்லையென்றால் சொத்து இரண்டாம் வகுப்பு வாரிசுகளுக்கு. அதில் முதல் வரிசையில் அப்பா மட்டும். அவரும் இல்லையென்றால் அடுத்த வரிசையில் அண்ணன் தம்பி, அக்கா தங்கை. அண்ணன் பிள்ளைகள் அதற்கும் கீழே நான்காவது வரிசை. மேல் வரிசையில் ஒருவர் இருந்தாலும் கீழே இருப்பவர்களுக்கு எதுவும் வராது. உடன்பிறந்தவர் மூன்று பேர் உயிரோடு இருக்கையில், முன்பே இறந்த அண்ணனின் பிள்ளைகளுக்குச் சல்லிக்காசு கிடையாது. பலருக்கு இது நம்ப முடியாத விதி. கிறிஸ்தவக் குடும்பமாக இருந்தால் 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும். அதில் இறந்த அண்ணனின் பிள்ளைகளும் அப்பா இடத்தில் நின்று பங்கு வாங்குவார்கள். ஒரே தெருவில் இரண்டு கணக்கு.

அந்த வாரமே அண்ணனின் மனைவியும் வந்தார். "எங்க பசங்களுக்கு ஒண்ணுமே இல்லீங்களா?" என்று கேட்டார். சட்டப்படி இல்லைம்மா என்று, மற்றவர்கள் இருக்கும்போதே, வரிசை எண்ணோடு சொன்னேன். அவர் வாதம் செய்யவில்லை. பையை எடுத்துக்கொண்டு எழுந்து போனார். நான் வரைவைத் தொடங்கினேன்.

நான் கேட்காத கேள்வி

வரைவுக்கு இறப்புச் சான்றுகள் வேண்டும். அப்பாவுடையது இருந்தது, இறந்தவருடையது கோவையிலிருந்து வந்திருந்தது. அம்மாவுடையது எங்கே என்று கேட்டேன்.

"அதை இன்னும் வாங்கலீங்க," என்றார் அக்கா. "தம்பி கருமாதி முடிஞ்சு ஒரு வாரத்துல அம்மாவும் போயிட்டாங்க. மகன் போன ஏக்கம். அந்த நேரத்துல யாரு போய் பஞ்சாயத்துல எழுதி வைக்கிறது?"

பேனாவைக் கீழே வைத்தேன். "அம்மா இல்லை" என்று அவர்கள் சொன்னது என்னிடம் வந்த நாளைப் பற்றி. நான் எடுத்துக்கொண்டதோ மகன் இறந்த நாளைப் பற்றி. சட்டம் பார்ப்பது இரண்டாவதைத்தான்.

மகன் இறந்த அன்று அம்மா உயிரோடு இருந்தார். அம்மா முதல் வகுப்பு வாரிசு. மனைவியோ பிள்ளைகளோ இல்லாத ஆணின் சொத்து முழுக்க அம்மாவுக்கு. உடன்பிறந்தவர்களுக்கு அதில் ஒரு தேங்காய் கூட இல்லை. ஆக மகனுக்குப் பிறகு அவர் உயிரோடு இருந்த இருபத்து மூன்று நாளும் அந்த மூன்றேகால் ஏக்கருக்குச் சற்றுக் குறைந்த தோப்பு, எண்பத்து நான்கு வயதான அந்த அம்மாவுக்குச் சொந்தமாக இருந்தது. அவருக்கே அது தெரியாது. அவர் போன பிறகு அது பெண்ணின் சொத்தாக, சட்டத்தின் 15-ஆம் பிரிவுப்படி இறங்குகிறது: மகன்கள், மகள்கள், முன்பே இறந்த மகன் அல்லது மகளின் பிள்ளைகள், கணவர். அங்கே அண்ணனின் பிள்ளைகள் அப்பா இடத்தில் நிற்கிறார்கள்.

மூன்று பங்கு நான்கு பங்கானது. அக்கா, தம்பி, தங்கை ஆளுக்கு கால் பங்கு, அதாவது 80 சென்ட். அண்ணனின் மகனுக்கும் மகளுக்கும் சேர்த்து 80. அண்ணனின் மனைவிக்கு இதில் நேரடிப் பங்கு இல்லை. 15-ஆம் பிரிவு இறந்த மகனின் பிள்ளைகளைச் சொல்கிறதே தவிர விதவையைச் சொல்லவில்லை.

தம்பிக்கு இது பிடிபடவே இல்லை. "ஏனுங்க, எங்கம்மா பேருல ஒரு சென்ட் கூட இல்லீங்களே, அவங்களுக்கு எப்படி வந்துச்சு?" என்று நாலைந்து தடவை கேட்டார். ஆதாரம் எழுதினால்தான் சொத்து மாறும் என்பது ஊரில் எல்லோருக்கும் இருக்கும் எண்ணம். வாரிசுரிமை மூச்சு நின்ற நொடியில் மாறிவிடுகிறது. காகிதம் பின்னால் வந்து சேர்கிறது. இன்னொன்றும் உண்டு: வயதான அம்மாவை நம் வீடுகளில் பார்த்துக்கொள்ள வேண்டியவராகத்தான் எண்ணுகிறோம், சொத்துக்காரராக எண்ணுவதில்லை. ஆதாரம் எழுதும் நானே எண்ணவில்லை.

தேதி

இரண்டு நாள் கழித்துத் தம்பி தனியாக வந்தார். அம்மாவின் இறப்பு இன்னும் பதிவாகவில்லை. 21 நாளுக்குள் பதிவு செய்திருந்தால் சாதாரண வேலை. 30 நாள் தாண்டிவிட்டால் மேலதிகாரியின் எழுத்து அனுமதி, உறுதிமொழி என்று நீளும். எப்படியும் புதிதாகத்தானே எழுதப்போகிறோம், தேதியை ஒரு மாதம் முன்னால் தள்ளினால் என்ன என்பது அவர் யோசனை.

கெட்டவர் இல்லை. பத்து வருடமாக இறந்தவரின் தோப்புக்குத் தண்ணீர் கட்டியதும், மோட்டார் கெட்டால் ராத்திரியில் ஓடியதும் அவர்தான். அண்ணன் பிள்ளைகள் பள்ளி விடுமுறைக்குக்கூட அங்கே வந்ததில்லை. அவர் பக்கத்தில் ஒரு நியாயம் இருந்தது, சட்டத்தில் அதற்கு இடம் இல்லை, அவ்வளவுதான்.

முடியாது என்றேன். பொய்யான உறுதிமொழி குற்றம் என்பது முதல் காரணம். அவரை யோசிக்க வைத்தது இரண்டாவது காரணம்: கருமாதியன்று எடுத்த போட்டோவில் அம்மா திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். வந்த இருநூறு பேரும் அவரிடம் துக்கம் கேட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். பத்து வருடம் கழித்து அண்ணன் மகன் ஒரு வக்கீலைப் பார்த்தால் அந்த ஒரு போட்டோ போதும், மொத்தப் பதிவும் ஆட்டம் காணும். நடுவில் தோப்பை வாங்கியவர் யாராவது இருந்தால் அவரும் சேர்ந்து மாட்டுவார்.

அவர் பதில் சொல்லாமல் போனார். மறுநாள் அக்கா போன் செய்து, உண்மைத் தேதியிலேயே மனு எழுதச் சொன்னார். இரவு வீட்டில் என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை.

அண்ணனின் மனைவியை நானே தேடிப் போய்ப் பார்த்தேன். முன்பு சொன்னது தவறு என்று சொல்ல வேண்டியிருந்தது. "அன்னைக்கே தேதி கேட்டிருக்கலாமேங்க," என்றார். ஆமாம் என்றேன். மன்னிப்பெல்லாம் கேட்டு நீட்டவில்லை, அவரும் எதிர்பார்க்கவில்லை.

வீட்டு மனைக் கணக்கு

தோப்பு சுலபம். 48 சென்ட் வீட்டு மனைதான் சிக்கல், ஏனென்றால் அதில் நான்கு சாவு அடுக்கடுக்காக இருக்கிறது. ஒவ்வொன்றையும் தேதி வரிசையில் தனித்தனியாக இறக்க வேண்டும். இறுதியில் யார் மிச்சம் என்று பார்த்து நாலாக வெட்டினால் தப்பு.

1994-இல் அப்பா இறந்தபோது அம்மாவும் ஐந்து பிள்ளைகளும்: ஆளுக்கு ஆறில் ஒன்று, அதாவது 8 சென்ட். கேரளத்தில் இந்துக் கூட்டுக் குடும்ப முறையையே 1976 டிசம்பர் 1 முதல் ஒழித்துவிட்டதால், பூர்வீகம், பிறப்புரிமை என்ற வழக்கு இங்கே கிளம்பவில்லை. பெண்களுக்கும் சம பங்கு என்பதிலும் சந்தேகம் இல்லை.

அடுத்து அண்ணன் இறந்தபோது அவருடைய 8 சென்ட் நான்காகப் பிரிந்தது: மனைவி, மகன், மகள், அம்மா. ஆம், அங்கேயும் அம்மா. ஆளுக்கு 2 சென்ட். அப்புறம் இவர் இறந்தபோது அவருடைய 8 சென்ட் முழுவதும் அம்மாவுக்கு. இப்போது அம்மாவிடம் 8, 2, 8 ஆக 18 சென்ட். அம்மா போனதும் அந்த 18 நான்கு கிளைக்கு நாலரை நாலரையாகப் போனது.

கடைசியில் அக்கா, தம்பி, தங்கை ஒவ்வொருவருக்கும் 8-உம் நாலரையும் சேர்ந்து பன்னிரண்டரை சென்ட். அண்ணன் கிளைக்குப் பத்தரை: மனைவிக்கு 2, பிள்ளைகளுக்குத் தலா நாலேகால். தோப்பில் பங்கே இல்லாத அண்ணன் மனைவிக்கு வீட்டில் பங்கு உண்டு. தோப்பில் சமமாக வாங்கிய அண்ணன் கிளை வீட்டில் இரண்டு சென்ட் குறைவாக வாங்குகிறது. ஏன் என்று ஆறு பேருக்கும் புரியும்வரை, வெள்ளைத் தாளில் மரம் வரைந்து காட்டினேன். இந்த வேலையில் அந்த ஒரு மதியம்தான் எனக்கு நிறைவாக இருந்தது. தங்கைதான் முதலில் பிடித்தார். மற்றவர்களுக்கு அவரே சொல்லிக் கொடுத்தார்.

பணம்

வைப்புத்தொகைக்கு நியமனதாரர் தம்பி. அது தனக்கே என்று அவர் நினைத்தது இயல்பு. வங்கியும் அவர் கையில்தான் கொடுத்தது. நியமனம் என்பது வங்கி யாரிடம் கொடுத்துவிட்டுக் கைகழுவலாம் என்பதற்கான ஏற்பாடு. பணம் வாரிசுகளுடையது. வங்கி வைப்புத்தொகை பற்றி உச்ச நீதிமன்றம் 2010-இலேயே இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. இந்த முறை தம்பி சண்டை போடவில்லை. மருத்துவமனைக்கு அக்கா வீட்டுக்காரர் கட்டிய 2,86,000, பயிர்க்கடன் 1,40,000, இரண்டு சாவுச் செலவு 62,000 போக 3,12,000 மிச்சம். கிளைக்கு 78,000, அண்ணன் பிள்ளைகளுக்குத் தலா 39,000.

தோப்பு வருமானத்துக்கு அக்கா பெயரில் தனிக் கணக்கு வைத்தார்கள். தேங்காய் விற்ற பணம், கள் மர வாடகை எல்லாம் அதில். வெட்டுக்கூலி, உரம், மின்கட்டணம் அதிலிருந்து. தம்பிக்கு மேற்பார்வைக் கூலியாக மாதம் ஒரு தொகை. இதை நான் வற்புறுத்தினேன். அவருடைய பத்து வருட உழைப்புக்குச் சட்டம் தராததை ஓரளவாவது குடும்பம் தரட்டும் என்பது என் எண்ணம்.

அம்மாவின் நகை ஐந்து பவுன். பெண்கள் இருவரும் எடுத்துக்கொண்டார்கள். யாரும் எழுதச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

காகித வேலை

இறந்த நான்கு பேருடைய அனந்தரவகாச சர்டிபிகேட்டும் (வாரிசுச் சான்று) வேண்டியிருந்தது. மனு, கிராம அலுவலக விசாரணை, அரசிதழில் விளம்பரம், ஆட்சேபத்துக்கு 30 நாள், பிறகு தாசில்தார் கையெழுத்து. 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் இந்தப் பகுதித் தமிழர்களுக்குத் தமிழில் மனு கொடுக்கும் உரிமையைத் தருகிறது. கொடுத்தோம். நடைமுறையில் கூடவே ஒரு மலையாளப் பிரதி வைத்தால் மேசை மேசையாக வேகமாக நகரும், அதையும் வைத்தோம்.

கோவைச் சான்றில் இறந்தவரின் தலைப்பெழுத்து தமிழ் வழக்கப்படி பெயருக்கு முன்னால். தோப்பு ஆதாரத்தில் பெயருக்குப் பின்னால் வீட்டுப் பெயரோடு. இரண்டும் ஒரே ஆள்தான் என்று நிறுவ இன்னொரு சான்று. எல்லையில் வாழ்பவர்களுக்கு இது தீராத தலைவலி. ஒன்றரை மாதம் இதற்கே போனது.

சான்றுகள் கைக்கு வந்தபோது அண்ணன் மகளுக்கு 17 வயது 8 மாதம். அவள் அம்மாவைக் காப்பாளராகப் போட்டு எழுதிவிடலாம் என்று அவசரப்படுத்தினார்கள். ஆனால் இது நேராகப் பங்கு பிரிப்பது மட்டும் அல்ல; மனையில் சிலர் பங்கை விட்டுக்கொடுத்து, சிலர் பணம் வாங்கும் ஏற்பாடு. மைனரின் நிலத்தை நீதிமன்ற அனுமதி இல்லாமல் காப்பாளர் கைமாற்றினால், அந்தப் பெண் பின்னாளில் அதை ரத்து செய்யக் கேட்கலாம். அனுமதிக்கு மனு போட்டாலும் நாலு மாதத்துக்கு மேல் ஆகும். காத்திருந்தோம். அவள் பிறந்தநாள் முடிந்து ஒன்பதாம் நாள் பாக உடம்படி (பாகப்பிரிவினைப் பத்திரம்) பதிவானது. ஆறு பேர் கையெழுத்து. இறப்பிலிருந்து கணக்கிட்டால் பதினான்கு மாதம்.

உடம்படியில் பங்கை விட அதிகப் பக்கம் பிடித்தது கிணறும் வழியும். கிணறு தங்கைக்கு விழுந்த துண்டில். மின் இணைப்பு அப்பா பெயரில். தோப்புக்குள் வண்டி போகும் 12 அடி வழி வீட்டு மனை வழியாக. தண்ணீர் முறை, மோட்டார் பழுதுச் செலவு, வழியில் யார் எந்த மரம் வைக்கக்கூடாது என்பதுவரை எழுதினோம். பங்கில் ஒத்துப்போன குடும்பங்கள் தண்ணீரில் உடைவதை இந்தப் பக்கம் நிறையப் பார்த்திருக்கிறேன்.

என்ன ஆனது

வீட்டு மனையில் தன் பன்னிரண்டரை சென்ட்டை அக்கா தம்பிக்கே விட்டுக்கொடுத்தார். தங்கை தன் மனைப் பங்குக்குப் பணம் வாங்கிக்கொண்டார். அண்ணன் குடும்பம் பத்தரை சென்ட்டை ரோட்டோரமாக வாங்கிக்கொண்டது. பதிவுக்குப் பின் போக்குவரவு நடந்து, ஒவ்வொருவருக்கும் தனித் தண்டப்பேர் (நிலவரிக் கணக்கு) எண்ணில் கரம் ரசீது வந்தது.

அண்ணன் மகன் தன் பங்கை விற்கவில்லை. சனி, ஞாயிறு வந்து பார்க்கிறான். சித்தப்பாவோடு பேச்சு இன்னும் சரியாகவில்லை. சொல்ல வேண்டியதை மரம் ஏறுபவரிடம் சொல்லி அனுப்புகிறார்கள்.

இன்று செய்தால்

வருபவர்களிடம் இப்போது "யார் யார் இருக்கிறார்கள்" என்று ஆரம்பிப்பதில்லை. இறந்தவர் ஒவ்வொருவருடைய தேதியையும் முதலில் எழுதி வாங்கி, பழையதிலிருந்து புதியதாக அடுக்குகிறேன். இறப்புச் சான்று கையில் வராமல் யாருக்கும் பங்கு உண்டு, இல்லை என்று வாய்விட்டுச் சொல்வதும் இல்லை. அன்றைக்கு அண்ணனின் மனைவியிடம் சொன்னதற்கு ஆதாரமாக என்னிடம் ஒரு காகிதம்கூட இல்லை.

ஒரே விபத்தில் இருவர் இறந்து, யார் முந்தி என்று தெரியாவிட்டால் இளையவர் பிந்தி இறந்ததாகச் சட்டம் ஊகிக்கிறது. அதற்கு மாறாக நிரூபிக்கும்வரை. இந்தக் குடும்பத்தில் அப்படி நடந்திருந்தால் அம்மா முந்தியதாகி, அண்ணன் பிள்ளைகள் தோப்புக் கணக்குக்கு வெளியே நின்றிருப்பார்கள்.

மகன் இறந்த மறுவாரமே யாராவது என்னிடம் வந்திருந்தால், அம்மாவிடம் பேசியிருக்கலாம். தம்பிக்கு ஏதாவது கூடுதலாகத் தர நினைத்திருந்தால் அவரே இரண்டு சாட்சிகள் முன்னால் ஒரு உயிலில் கைநாட்டு வைத்திருக்க முடியும். பதிவுகூடக் கட்டாயம் இல்லை. பிள்ளையைப் புதைத்த வாரத்தில் எண்பத்து நான்கு வயது அம்மாவிடம் அதைக் கேட்பது சரியா என்று அக்காவிடம் பின்னால் ஒரு நாள் கேட்டேன். "கேட்டிருக்க மாட்டேனுங்க," என்றார்.